அருமைநாதன் வீட்டு ஹால் லைட்

அருமைநாதன் எனக்கு மேல் வீட்டில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே கட்டடத்தில் இத்தனை காலம் இருப்பவர்கள் சொந்த வீடு வாங்க வழியில்லாதவர்கள், அல்லது வீடு மாற்றப் பஞ்சிப்படுகிறவர்கள். நான் முதல் ரகம். அவர் எந்த ரகம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் தன்னைப்பற்றி வாய் திறக்கிற ஆள் இல்லை. நானே விசாரித்து, ஊகித்து, சிலதைச் சண்டை பிடித்துக் கறந்து அறிந்துகொண்டதுதான் இதெல்லாம்.

திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தொண்ணூறில் சண்டையால் அங்கே இருக்க முடியாமல் போய், எப்படியோ மொன்றியல் வந்து சேர்ந்தார். இங்கே கிரேனை யார் நம்பிக் கொடுப்பார்கள்? டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டின் பின் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனார். அன்று போனவர் இன்றும் போகிறார். முதலாளி மூன்று தடவை மாறிவிட்டார். ஒவ்வொருவரும் கடையை வாங்கும்போது அடுப்பு, மேசை, அருமைநாதன் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கினார்கள் என்று நான் பகிடி விடுவேன். சிரிப்பார், அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அவர் படித்த பிரெஞ்சு மூன்று சொல்: பொன்ஜூர், மெர்சி, பிறகு சூடான சட்டியோடு பின்னால் வருகிறவர்கள் கத்துகிற 'ஷோ', அதாவது சூடு.

மனைவி பிலோமினா ஆறு வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டார். மிஞ்சியது மகள் ஜெசிக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பிரெஞ்சில் வேகமாகவும் தமிழில் யோசித்து யோசித்தும் கதைப்பாள். தகப்பனுக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தபோது, அவர் இருட்டில் தடுக்கி விழக்கூடாது என்று போனிலிருந்து இயக்குகிற சாமான்களை வாங்கி வீடு முழுக்கப் பூட்டினாள். ஹாலில் ஒரு பல்பு, கேத்திலுக்கு ஒரு பிளக், தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு ஸ்பீக்கர். எல்லாம் அவளுடைய போனில். அருமைநாதனுக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவள் இருந்தாள், அவள் போட்டாள், எரிந்தது.

போன வருடத்துக்கு முந்தின ஆவணியில் ஜெசிக்கா, தன்னோடு வேலை செய்கிற ஒரு வெள்ளைப் பெடியனோடு கல்கரிக்குப் போய் இருக்கப்போவதாகச் சொன்னாள். கல்யாணம் பேந்து பார்க்கலாம் என்றாள். வாயே திறக்காத மனுசன் அன்றைக்குத் திறந்தார். எனக்கொரு மகள் இருந்தவள் என்று நினைத்துக்கொள்கிறேன், போ என்றார். கீழே எங்கள் வீட்டுக்கே கேட்டது. அவள் மறுபேச்சில்லாமல் இரண்டு பெட்டியோடு படியிறங்கினாள். படிக்கட்டில் என்னைக் கண்டு "போயிட்டு வாறன் பூபாலன் அங்கிள்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், தகப்பனும் மகளும் ஒரு சொல் பேசவில்லை.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. கோபித்துக்கொண்டால் பெரியவர் முதலில் போன் எடுக்கமாட்டார். சின்னவருக்கும் ரோஷம் இருக்கும். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருத்தர் நடுவில் போய்க் கதைக்கவேண்டும். அப்படிப் போகிறவர், தன் பக்கத்து ஆள் இறங்கி வந்துவிட்டார் என்று எந்தக் காரணம் கொண்டும் காட்டிக்கொள்ளக்கூடாது. எத்தனை குடும்பங்களுக்கு நான் இப்படி நடுவில் நின்றிருக்கிறேன். அந்தத் தலைக்கனம்தான் பிறகு என் கண்ணை மறைத்தது.

இந்த வருடம் தை மாதக் கடைசியில், ஒரு பின்னேரம் ஏழரை மணிக்கு, அருமைநாதன் வீட்டு ஹால் லைட் தானாக எரிந்தது. அடுத்த நாள் காலை எட்டேகாலுக்குக் கேத்தில் தானாகக் கொதித்தது. அது கொதிக்கும்போதே ஸ்பீக்கர் விழித்துக்கொண்டு பிரெஞ்சில் செய்தி வாசித்தது. மனுசன் பனியனோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். வீட்டுக்காரர் அனுப்பிய மின்சாரக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்து, வயரில் பிழையில்லை என்று போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை வைக்கிற பாதர் வந்து மூலைக்கு மூலை தீர்த்தம் தெளித்தார். கேத்தில் பிளக்கிலும் தெளிக்கப்போனவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். தெளித்த மறுநாளும் எட்டேகாலுக்குத் தண்ணீர் கொதித்தது.

அதற்குப் பிறகு அருமைநாதன் பயப்படவில்லை. அது பிலோமினாதான் என்று முடிவு கட்டிவிட்டார். பின்னேரம் லைட் போடுகிறதும் காலையில் தேத்தண்ணி வைக்கிறதும் அவளுடைய வேலைதானே என்றார். பிலோமினா எப்போதிருந்து பிரெஞ்சுச் செய்தி கேட்கிறா என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கே என் வாயின்மேல் வெறுப்பு வந்தது.

அவருக்கு எதிர் வீட்டில் தேவிகா இருக்கிறார். சென்னைப் பெண், புவாண்ட்-கிளேரில் கம்ப்யூட்டர் வேலை, நாற்பது வயதிருக்கும். ஒரு நாள் அவரை அழைத்துப்போய்க் காட்டினேன். பல்பைப் பார்த்தார், ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார், இதை யார் பூட்டியது, அவர் இப்போது எங்கே என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே விளக்கினார்.

"அங்கிள், இதுல பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதெல்லாம் இன்னும் உங்க பொண்ணு போன்லதான் இருக்கு. அவங்க இப்பதான் அங்க புது வீட்டுக்கு இதே மாதிரி வாங்கி, இதே பேரையே வெச்சிருப்பாங்க. அங்க ஹால் லைட்ட போடுன்னு சொன்னா, இங்கயும் சேர்ந்து எரியுது. அவ்ளோதான்."

கல்கரி எங்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால். அருமைநாதன் விரலை மடித்துப் பார்த்தார். அங்கே காலை ஆறேகால், பின்னேரம் ஐந்தரை. தேவிகா, இதைத் துண்டித்துவிட ஒரு நிமிடம் போதும், செய்யட்டுமா என்றார். அவர் பல்புக்கும் தேவிகாவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. அது கிடக்கட்டும்."

அன்றிலிருந்து அவர் வாழ்ந்தது கல்கரியில். பிள்ளை எழும்பிவிட்டாள், பிள்ளை வேலையால் வந்துவிட்டாள் என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வியாழக்கிழமை லைட் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. பனி கொட்டியிருக்கும், பஸ் பிந்தியிருக்கும் என்று அவரே சமாதானம் சொன்னார். ஒரு நாள் கேத்தில் மூன்று தரம் கொதித்தது, தடிமன் பிடித்திருக்கிறது போல, கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறாளோ தெரியாது என்று கவலைப்பட்டார். ஐந்து மணிக்கு வேலையால் வந்தால் ஹால் சுவிட்சைத் தொடமாட்டார். மாசி மாதத்தில் ஐந்தரைக்கே இருண்டுவிடும். ஏழரை வரைக்கும் இருட்டுக்குள் கதிரையில் இருப்பார். கீழே தெருவில் நின்று பார்த்தால் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம், அவருடையதில் மட்டும் கறுப்பு. பார்க்கப் பாவமாக இருந்தது.

கோபமும் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்து சீட்டு விளையாடுவோம். மனுசன் ஏழு மணி அடித்ததும் பாதி ஆட்டத்தில் எழும்பிப் போய்விடுவார். மூன்று பேர் கையில் சீட்டோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு பல்புக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா? இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும், தகப்பனையும் மகளையும் கதைக்க வைக்கவேண்டும் என்று தீர்மானித்தேன். அவரிடம் கேட்கவில்லை. என் மனைவியின் போனில் இருந்த நம்பருக்கு நானே எடுத்தேன்.

ஜெசிக்காவின் குரல் முதலில் பயந்து போனது. அப்பாவுக்கு ஏதாவதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்றேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் அப்பா இருட்டில் இருந்து உன் வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறார் என்று ஒரு வரி. ஆனால் நடுவில் நிற்கிறவன் தன் பக்கத்து ஆளை அப்படி இறக்கிக் காட்டலாமா? அதனால் கெட்டிக்காரத்தனமாகத் தொடங்கினேன். நீ அங்கே லைட் போட இங்கே எரிகிறது, கேத்தில் கொதிக்கிறது, ரேடியோ கத்துகிறது, அப்பாவுக்குக் கரைச்சலும் தொந்தரவுமாக இருக்கிறது, நீயே ஒருக்கா எடுத்துக் கதையன் என்றேன். அவள் தனக்குத் தெரியாது என்றும், மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்படியும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பிள்ளை வழிக்கு வந்துவிட்டாள், இன்றைக்கே தகப்பனுக்கு எடுப்பாள் என்று மனைவியிடம் பெருமை அடித்தேன்.

அவள் எடுக்கவில்லை. அன்று பின்னேரம் லைட்டும் எரியவில்லை.

மூன்றாம் நாள் அருமைநாதன் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் மூன்று நாள் தாடி. அக்காவோடு ஜெசிக்கா ஏதும் கதைத்தாளா என்று கேட்டார். அவர் அக்கா என்பது என் மனைவியை. லைட் வரவில்லை, தண்ணீர் கொதிக்கவில்லை, பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளோ தெரியாது என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் கை, எங்கள் கதவுப் பிடியை விடவே இல்லை.

அவரை மேலே கூட்டிக்கொண்டு போய், அந்த இருட்டுக்குள் இருத்தி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கரைச்சல் எண்டோ சொன்னனீங்கள் அண்ணை?"

ஓம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்பதில் பெருமூச்சு விட்டார், அடுத்த கணம் அவர் தோள் குலுங்கியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த மனுசன் அழுது நான் பார்த்ததில்லை. பிலோமினாவின் செத்தவீட்டில்கூட வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றவர். நானே திரும்பவும் எடுத்துச் சொல்கிறேன், எல்லாம் என் பிழை என்று சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பொக்கெட்டிலிருந்து தன் போனை எடுத்தார்.

எங்கள் வயதுக்காரர்கள் போனைக் காதில் வைப்பதில்லை, ஸ்பீக்கரில் போட்டு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுதான் கதைப்போம். அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது. ஐந்தாறு தரம் மணி அடித்தது. எடுத்தவள் "அப்பா?" என்றாள், நம்பாதவள்போல. அவர் வாயைத் திறந்து மூடினார். ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்ததில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் திணறினார்.

"பிள்ளை... லைட் எரியேல்லை."

அவள், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, பூபாலன் அங்கிள் சொன்னதால் இங்கத்தைச் சாமான் எல்லாவற்றையும் தன் போனிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னாள். இனிமேல் தானாக எரிந்து தொந்தரவு தராது என்றாள். வீட்டைப் பழுது பார்க்க வந்தவர்களிடம் கதைப்பதுபோல அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

"சுவிட்சை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுப் போடுங்கோ அப்பா. எரியும்."

சுவிட்ச் அவர் தலைக்கு ஒரு முழம் மேலேதான் இருந்தது. அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எரியுந்தான் பிள்ளை. நான் போட்டால், நான் போட்டதுதானே."

ஜெசிக்கா போனை வைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அருமைநாதனும் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்த இருட்டில் இருந்தார். இனி நான் அங்கே நிற்கத் தேவையில்லை என்று எனக்கு விளங்கியது. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.