காட்டைப் பெருக்கச் சொன்னவள்

அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி வளாகத்துக்குள் ஒரு காடு இருக்கிறது. வெளியே பஸ் ஹாரன், உள்ளே புள்ளிமான். மயிலாப்பூரிலிருந்து இத்தனை வருஷமாகப் போய்வருகிறேன். கேட்டைத் தாண்டியதும் இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். அந்தக் காட்டில் பெய்கிற மழையெல்லாம் சரிந்து வந்து ஒரு குட்டையில் சேரும். மான்களுக்குக் குடிதண்ணீர் அது ஒன்றுதான். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று வாராவாரம் அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை.

கோடையில் சருகு பற்றிக்கொள்ளும் என்று, சரிவோடு குட்டைவரை ஆறடி அகலத்துக்குப் புல்லையும் சருகையும் சுரண்டி வெறும் மண்ணாக ஒரு கோடு போடுவோம். தீத்தடுப்புக் கோடு. போன மே மாதம் மதிலோரம் பற்றிய தீ சடசடவென்று வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோட்டின் விளிம்புவரை வந்த தீ, தின்ன ஒன்றும் கிடைக்காமல் அப்படியே படுத்துவிட்டது. அம்மாடி, வெறும் ஆறடி மண்! கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கோட்டின்மேல் எனக்குப் பைத்தியம். வாசல் பெருக்கியே வளர்ந்தவள் நான். ஒரு இலை கிடந்தாலும் கண்ணை உறுத்தும். கோடை போன பிறகும் வாரம் இரண்டு தடவை பெருக்கச் சொன்னேன். பெருக்குகிறவள் என் வயதுக்காரி. ஆற்றோரத்து வீட்டை இடித்த பிறகு ஊருக்கு வெளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஐப்பசி பிறந்ததும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னா மேடம், மழை வர்ற நேரத்துல மண்ணை மொட்டையடிச்சிக்கினு கீறோம்? எலையை வுட்டா இன்னா?"

"வாசல்ல குப்பையை வெச்சுண்டு யாராவது இருப்பாளா? பேசாம பெருக்கு" என்றேன்.

பெருக்கினாள். இரண்டாம் நாள் காலையில் பிடித்த மழை மத்தியானம் விட்டது. ஓடிப் பார்த்தால், கோடு இருந்த இடத்தில் ஒரு வாய்க்கால். தீயையே நிறுத்திய மண் அரித்துக்கொண்டு போய்க் குட்டைக்குள் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் டீ நிறம். குடிக்க வந்த மான் ஒன்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

'அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். "வா மேடம், அடுத்த மழைக்குள்ள மூடிரலாம்" என்றாள். உலர்ந்த கிளைகளை இழுத்து வந்து கோட்டின் குறுக்கே கிடத்தினோம். பெருக்கிக் குவித்த சருகையெல்லாம் கூடை கூடையாகத் திரும்பக் கொட்டினோம். முடிப்பதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. குடையை மறந்து குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஓடி வந்த தண்ணீர் கிளையில் இடித்து நின்றது, சருகுக்குள் நுழைந்தது, மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அடேயப்பா! மே மாதம் நான் பயந்து செத்த அதே சருகுதான்.

"இன்னா மேடம், இப்போ பெருக்கட்டுமா?" என்று சிரித்தாள்.

மறுபடி கையெடுத்துக் கும்பிட்டேன், இந்தத் தடவை அவளை.

குட்டை தெளிய மார்கழி ஆயிற்று. நோட்டில் குட்டை கலங்கிய வாரத்துக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், 'கனமழை' என்று எழுதி வைத்திருந்தேன். மான் திரும்பி வந்து வாய் வைத்த அன்று அதை அடித்துவிட்டு, 'பெருக்கச் சொன்னது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.