கம்பெனி மாப்பிள்ளை

தையல்காரருக்கு ஓர் இஸ்திரிப்பெட்டிக் கம்பெனி மேல் அப்படியொரு பைத்தியம். அதைப் புகழ்வதற்கென்றே இணையத்தில் ஒரு பிளாக் நடத்தினார். கம்பெனி அவருக்குச் சம்பளம் தரவில்லை. புது மாடல் வந்தால் மட்டும் ஒன்றை அனுப்பிவைக்கும். அன்றைக்கு மனிதருக்குக் கால் தரையில் பாவாது. "கம்பெனி மாப்பிள்ளை" என்று மனைவி கிண்டலடிப்பாள்.

கடைசியாக வந்த மாடலை வாய் நிறையப் புகழ்ந்து எழுதினார். "கைப்பிடிகிட்ட புகை வருதுங்க" என்று கீழே ஒரு வாசகி எழுதினாள். வயிற்றெரிச்சல் என்று அழித்தார். இன்னொருவரும் அதையே எழுதினார், அதையும் அழித்தார். அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால் பொறுக்குமா? பெற்றவர் இவரில்லை என்பதுதான் கோளாறு.

இன்று காலை கம்பெனியிலிருந்து முதல்முறையாகப் போன் வந்தது. நன்றி சொல்லத்தான் என்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

"சார், உங்க பிளாக்குக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு மேலேயே போட்டுடுங்க. இன்னைக்கே."

"ஏங்க, என்னாச்சு?"

வைத்துவிட்டார்கள். கம்பெனியின் தளத்தைத் திறந்தார். அந்த மாடலையே காணோம். அதைப் புகழும் பக்கம் இனி அவருடையது ஒன்றுதான்.

உள்ளறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, புதுப் பெட்டி நல்லா சூடாயிடுச்சு. உங்க சட்டையையும் குடுங்க."