இஸ்தோப்பில் ஒரு ரோமானிய அடுப்பு

எங்கள் தொழிலில் வீடு கிடைத்துவிடும். அதில் குடியிருந்தவர்களைத்தான் தேட வேண்டும். தொல்லியலில் முதுகு வளைந்த சகபாடிகளே, உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் வெயிலில் வளைகிறீர்கள். நான் இலங்கை மலைநாட்டு இரத்தோட்டையில் ஒரு மேசை முன்னால் வளைகிறேன். பழைய ரோமானிய நகரம் ஒன்றின் தெருவை ஒரு வெளிநாட்டுக் குழு தோண்டுகிறது. அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துச் சுவர் சுவராக வரைந்து, எந்த அறை எதற்கு என்று சொல்வது என் வேலை.

மண் படாத கை

பக்கத்து வீட்டுச் செல்வியக்கா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும்போதெல்லாம் என் ஜன்னலை எட்டிப் பார்ப்பார். காலையில் இருந்த கதிரையிலேயே மாலையிலும் இருப்பேன். மழை வந்து சிக்னல் போனால் மட்டும் எழுந்து தேத்தண்ணி போடுவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், அப்படி என்ன வேலை என்று கேட்டே விட்டார். ரோமானிய வீடுகளைத் தோண்டும் வேலை என்றேன், சற்றுப் பெருமையாகவே. அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணு வெட்டுற கையாடி இது? நகங்கூட உடையலையே."

எந்த மூலை?

பெரிய தாளில் அச்சடிக்க டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். தெருவின் வரைபடம் மெஷினிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. வரிசையாக, ஒரே அளவில், சின்னச் சின்னக் கட்டங்கள். அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க நின்ற பெரியசாமி அண்ணன், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லக் கேட்டவர். தன் கட்டம் எது என்று விரலால் தேடினார். இது காணிப் படம் இல்லை, ரோமாபுரிப் பக்கத்துத் தெரு என்று விளக்கினேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"ரோமா? அவ்வளவு தூரத்துலயா தங்கச்சி குடுக்கிறாங்க?"

ஸ்டோர்

அந்தக் கட்டங்களில்தான் தகராறு. சாமான் அடுக்கிய ஸ்டோர்கள் என்றார் குழுத் தலைவரான பேராசிரியர். குடும்பங்கள் இருந்த வீடுகள் என்றேன் நான். ஒட்டி ஒட்டி ஒற்றை அறைகள், முன்னால் தண்ணீர் ஓட ஒரே நீளக் கான். நான் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயம் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஸ்டோருக்கு எதற்கு வாசலுக்கு வாசல் கான் என்று வீடியோக் கூட்டத்தில் கேட்டும் விட்டேன். நான் தோற்றால், வரப்போகும் புத்தகத்தில் அங்கே வாழ்ந்த அத்தனை பேரும் சாக்கும் சாடியுமாக முடிந்துவிடுவார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேராசிரியர் நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார்.

"உங்கள் ஊரை என் குழியில் தேடாதீர்கள். ஒரு அடுப்பைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்."

முன் அறை

அடுப்பு முன் அறையில் இருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். ஒரு அறையின் முன்பக்கத்தைக் கவனமாகத் தோண்டினார்கள். ஒரு சிட்டிகைச் சாம்பல்கூட இல்லை.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவர்கள் தோண்டியது காம்பராவுக்குள், கதவுக்கு உள்ளே இருக்கும் அறையில். நான் நினைத்தது இஸ்தோப்பை, அதாவது கதவுக்கு வெளியே கூரைக்குக் கீழே கிடக்கும் துண்டு இடத்தை. லயத்தில் அதைத் தடுத்துத்தான் சமைப்போம். எங்களுக்கு அதுதான் முன் அறை. மற்ற உலகத்துக்கு அது தெரு. உடனே கூப்பிட்டு, இஸ்தோப்பு என்றால் என்ன என்று விளக்கி, நடைபாதை என்று அவர்கள் எழுதியிருந்த இடத்தைத் தோண்டச் சொன்னேன்.

படம் வந்தது. கல் கூட்டிய அடுப்பு, கருகிய மண், அடிபிடித்த சட்டித் துண்டு. கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். சாடிகள் கிடைத்த கடைசி அறைகளுக்கு மட்டும் ஸ்டோர் என்ற பெயரைப் பேராசிரியர் விடவில்லை. மற்றதையெல்லாம் வீடுகள் என்று மாற்றினார்.

"அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், வரைபடத்தில் போட வேண்டும்."

மறுபடியும் அதே கடை

புதிய வரைபடத்தை அச்சடிக்கப் போனேன். பெரியசாமி அண்ணன் இந்த முறையும் எதையோ கொப்பி எடுக்க நின்றார். இஸ்தோப்பையும் அடுப்பையும் காட்டி, இந்த மக்கள் கடைசிவரை இந்த ஒற்றை அறைகளில்தான் இருந்தார்கள் என்றேன். கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"அப்ப இவங்களுக்கும் காணி குடுக்கலையா?"

செத்து ஈராயிரம் வருடம் ஆனவர்களுக்கு வீடு வாங்கித்தர என் தொழிலில் வழியிருக்கிறது. வரிசையில் நிற்பவருக்குத்தான் இல்லை.