அது வாடகை வண்டி அல்ல

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் உறவில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது, அண்ணனின் நினைவு மலரில் நான் எழுத வந்ததை எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணிதான் விடவில்லை. "அந்தக் கார்ல உக்காந்தவ நீதான். நீ எழுதாம வேற யாரு எழுதுவா?" என்றார். எழுதும்போதே முகம் சுடுகிறது.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். பூர்வீகம் வட ஆற்காடு பக்கம். சுரங்கத்தில் வேலை செய்த அப்பா, நெஞ்சில் தூசி படிந்து சீக்கிரமே காலமானார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பிரேசர் டவுனில் வீடு பிடித்து அம்மாவையும் என்னையும் அழைத்து வந்தார். அம்மாவும் போன பிறகு எனக்கு எல்லாம் அவர்தான். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. எப்போதும் பாப்பாதான்.

1991இல், கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். அதன் பின்னால் இருந்த ஷெட்டில் ஒரே மாதிரி இரண்டு கார்கள் கிடந்தன. மேல்கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, பழைய காலத்துச் சீமை ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டுமே ஓடாதவை. பழைய இரும்பாக அவற்றை வாங்கி, டெம்போவில் ஏற்றி வந்து வீட்டுக்குப் பின்னால் இறக்கினார் அண்ணன். வீட்டுச் சொந்தக்காரரான பாய் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அரே தம்பி, இதுவும் ஓடாது, அதுவும் ஓடாது. எதுக்கு ரெண்டு?"

"ரெண்டும் சேந்தா ஒண்ணு ஓடும் பாய்."

"அப்போ ரெண்டுக்கும் சேத்து வாடகை குடு," என்றார் பாய். சொன்னதோடு சரி, கடைசிவரை கேட்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அண்ணன் காருக்கு அடியில் போய்விடுவார். ஒன்றின் அடிப்பாகம் துருப்பிடித்துப் போயிருந்தது, மற்றதன் இன்ஜின் இறுகிப் போயிருந்தது. இரண்டிலும் நல்லதை எடுத்து ஒன்றாக்கினார். மிஞ்சிய பாகங்களை, அதே மாதிரி கார் வைத்திருந்தவர்கள் கோயம்புத்தூர், மைசூர், பம்பாய் என்று எங்கெங்கிருந்தோ கடிதம் போட்டு வாங்கினார்கள். இதில் அண்ணனுக்கு ஒரு முறை உண்டு. ஒரே பாகம் இரண்டு இருந்தால், நல்லதை விற்பார். தேய்ந்ததை நம் வண்டியில் மாட்டுவார்.

"நல்ல மீனைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டு, முள்ளை நாம திங்கணுமா?" என்று அண்ணி கேட்பார்.

"அவங்க வண்டி எந்தக் காட்டுல நிக்குமோ. நம்ம வண்டி நின்னா தள்ளறதுக்கு நாம இருக்கோம்," என்பார் அண்ணன்.

ஐந்தாறு வருடம் போய் கார் ஓடியது. சிவப்புச் சாயம் அடித்தார். அந்தச் சமயம்தான் எனக்கு ஆனேக்கலில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கம் முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம் பெண் அழைப்பு நடக்கும். வண்டி அனுப்ப வேண்டியது மாப்பிள்ளை வீட்டார். ஆனால் அண்ணன், "வண்டி நான் ஏற்பாடு பண்றேங்க" என்று சொல்லிவிட்டார். என்ன வண்டி என்று சொல்லவில்லை. அவர்கள் பெண் பார்க்க வந்தபோது கார் தார்ப்பாய்க்குள் இருந்தது. அன்றைக்குத்தான் காட்ட வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருவர் இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் கேட்டு வந்தார். அண்ணனிடம் இரண்டு இருந்தன. நல்லது கோயம்புத்தூர் போனது.

ஆனேக்கல் வரை கார் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. பிள்ளையார் கோயிலில் என்னை ஏற்றிக்கொண்டு, பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போனதும் சூடேறி, கடைத்தெரு நடுவில் நின்றது. அண்ணன் பட்டு வேட்டியோடு கீழே படுத்து, ஸ்பானரால் பம்பைத் தட்டினார். கார் கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. மறுபடி தட்டினார். வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் பேண்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைகளில் இருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

நான் இறங்கப் போனேன்.

"இறங்காத பாப்பா. ஆரத்தி எடுக்கறதுக்கு முன்னாடி பொண்ணு கால் தரையில படக்கூடாது," என்றார்.

கல்யாணத்துக்குக் கூட வந்திருந்த பாய், பக்கத்தில் நடந்தபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் தள்ளினார்கள். மாலையும் கழுத்துமாக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சின்னக் கண்ணாடியில் அண்ணன் தெரிந்தார். யாருக்கும் முகம் தெரியாதபடி தலையைக் கவிழ்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை முழுக்க கிரீஸ்.

மண்டப வாசலில் என் கணவரின் தாய்மாமா நின்றிருந்தார். "இன்னாப்பா இது, பொண்ண கரும்பு ஜூஸ் வண்டி மாதிரி தள்ளினு வர்றீங்க? யாரு வண்டி இது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"வாடகை வண்டிங்க. ஏமாத்திட்டான்."

"அவன சும்மாவா வுட்டே?"

"இனிமே அவன்கிட்ட எடுக்க மாட்டேங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் தலை தீபாவளிக்கு ஆனேக்கல்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் பின்னால் கார் நிற்கும். அண்ணன் சொன்னது பொய்யாகிவிடும், எனக்குத் தலைகுனிவு. அதனால் அதற்குள் காரைப் பிரித்துவிட்டார். வருடக்கணக்காகச் சேர்த்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கேட்டவர்களுக்கு விற்றார். அந்தப் பழைய பம்பை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால், "அது ஏமாத்திடும்" என்பார். தலை தீபாவளிக்கு நான் போனபோது கார் நின்ற இடத்தில் துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதத்தான் கூசுகிறது.

அதன் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் மாமா விடமாட்டார். "அந்த வண்டிக்காரன் இன்னும் ஊர ஏமாத்தினுதான் இருக்கானா?"

"இருக்கானுங்க," என்பார் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். நான் சமையல் கட்டுக்குப் போய்விடுவேன்.

தங்கவயல் சுரங்கத்தை மூடியபோது வேலை தேடி வந்த உறவினர்கள் பலர் அண்ணன் வீட்டில்தான் முதலில் தங்கினார்கள். தூரத்து உறவு, கிட்டத்து உறவு என்று அவர் பார்த்ததில்லை. சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோதும் வலியை வெளியில் சொன்னதில்லை. கடைசி மாதம் நான் பக்கத்தில் இருந்தபோது ஒருநாள், "இன்னும் அதப் பத்திப் பேசறாங்களா பாப்பா?" என்று கேட்டார். இல்லண்ணா என்றேன். சென்ற வருடம் அமைதியாகக் காலமானார்.

இதை எழுத உட்காரும் முன்தான் என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார். "வாடகை வண்டிக்குக் கீழ எவனாவது பட்டு வேட்டியோட படுப்பானா?"

"அப்போ ஏன் சொல்லல?"

"உங்கண்ணன் வாடகைன்னாரு. நான் ஏன் இல்லன்னு சொல்லணும்?"

ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் அழைத்துச் சென்ற பாய் வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், கைப்பிள்ளை போல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். காரியத்துக்கு வந்து, "உங்கண்ணன் குடுத்த பம்ப் ஒரு நாள் கூட நின்னதில்லைங்கம்மா" என்று சொல்லிப் போன கோயம்புத்தூர்ப் பெரியவருக்கும் நன்றி.

மாமா இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, இதுவரை எழுதி முடித்ததும் போன் செய்து நானே சொன்னேன். "எழுதும்மா, எம் பேச்சையும் சேத்தே எழுது," என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பிரேசர் டவுன் வந்தார். கார் எங்கே நின்றது என்று கேட்டார். அண்ணி கொடியிலிருந்த துணியை ஒதுக்கி இடத்தைக் காட்டினார். பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, ஆனேக்கல் திரும்பினார்.