ஐந்தாவது ஆள் கரை சேரும்வரை

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் நான் நடத்திய தட்டெழுத்து வகுப்பில் ஒரே ஒரு கணினி இருந்தது. கொழும்பிலிருந்து லொறியில் வந்த பழைய சாமான். வழியில் சோதனைச் சாவடிகளில் இரண்டு தடவை கழற்றிப் பூட்டியதில் அதன் ஒரு பக்கத் தகடு பிறகு பொருந்தவேயில்லை. கடிதம் அடிக்கத்தான் வாங்கினேன். அதற்குள் ஒரு கடல் இருக்கும் என்று யார் கண்டது?

கண்டவள் என்னோடு படிப்பித்த ஒருத்தி. நிலாவெளிக்காரி. சண்டையில் இடம்பெயர்ந்து பாலையூற்றில் உறவினர் வீட்டில் இருந்தாள். மதியம் பிள்ளைகள் போனபின், மின்சாரம் இருந்தால், ஒரு கிழிந்த கணினிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ தட்டுவாள். "கரண்டை வீணாக்காதையும்" என்று சிடுசிடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு தோணி. விசையை அழுத்த அது போனது, வலை போட்டது, அலைக்கு ஏறி இறங்கியது. தோணிக்குள் ஐந்து புள்ளிகள், ஐந்து மீனவர்கள். வெறும் எண்ணையும் எழுத்தையும் தட்டி ஒரு மனுசி கடலைச் செய்திருக்கிறாள்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கடலில் அந்த நாட்களில் அனுமதியில்லாமல் இறங்க முடியாது. இந்தக் கடலில் என்னை ஒருவரும் மறிக்கவில்லை.

சந்தோசத்தில் தோணியைப் பாறையில் மோதிவிட்டேன். தோணி மூழ்கியது. ஐந்து புள்ளிகளும் நீந்தத் தொடங்கின. நான்கு பேர் சீக்கிரம் கரையேறினார்கள். ஐந்தாவது ஆள் ஆடி அசைந்து வந்தார். அவர் வந்து சேரும்வரை எந்த விசையும் வேலை செய்யவில்லை.

கொழும்பில் இரண்டு சகோதரர்கள் ஒரு மாடி அறையில் கணினி விளையாட்டுக் கம்பனி தொடங்கியிருந்தார்கள். வெளிநாட்டு விளையாட்டுகளை விற்றது போதும், உள்ளூரில் செய்ததையும் வெளியிடலாம் என்று அவர்களுக்கு ஆசை. நான்தான் அவளை அரித்தெடுத்து, விளையாட்டைப் பதிந்த பிளொப்பித் தட்டைப் பொதி கட்டி அனுப்பிவைத்தேன். பதில் வந்தது. விளையாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒருவரும் சாகாத விளையாட்டை யார் வாங்குவார்கள்? ஆடுபவருக்கு மூன்று உயிர் கொடுங்கள், தோணி மூழ்கினால் ஒரு உயிர் போகட்டும். ஐந்தாவது புள்ளி மெதுவாக வருவது பிழை, அதையும் திருத்துங்கள். திருத்தினால் வெளியிடுவோம்.

"குடுத்து விடுமன்," என்றேன். "மூண்டு உயிர்தானே கேக்கினம்."

"ஒரு ஆளுக்கு ஒரு உயிர்தானே அக்கா."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடலுக்குப் போன அவளுடைய அண்ணன் திரும்பி வரவில்லை. தோணி மட்டும்தான் கரையொதுங்கியது. அது எனக்குத் தெரியாத கதையா? தெரிந்திருந்தும் கேட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சில வாரம் தட்டினாள். பிறகு திரையின் மேல் மூலையில் மூன்று சின்னத் தோணிகள் நின்றன.

"உயிர் குடுக்க ஏலாது. தோணி மூண்டு குடுத்திருக்கிறன். மூண்டும் போனா ஆட்டம் முடிஞ்சுது."

மீனவர்கள் பழையபடியே நீந்தினார்கள். இதைப் பார்த்துக் கம்பனிக்காரர் கைவிட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

"அந்த அஞ்சாவது ஆளையெண்டாலும் கெதியா வர விடுமன். பிழை எண்டெல்லே எழுதியிருக்கினம்."

"பிழையில்லை அக்கா. அண்ணா எதுக்கும் அவசரப்படாம ஆறுதலாத்தான் வருவார்."

பிளொப்பியை அப்படியே அனுப்பினோம். கம்பனியிலிருந்து பல மாதம் ஒரு வரியும் இல்லை.

வேறு அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது, கேட்டுவிடுவது என்று அந்த மாடிப்படி ஏறினேன். உள்ளே ஒரே சத்தம். இளம் பெண்களும் ஆண்களுமாக ஏழெட்டுப் பேர் ஒரு திரையை மொய்த்திருந்தார்கள். எங்கள் தோணி! பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பாறையில் மோதியது. சத்தம் அடங்கிவிட்டது. நான்கு பேர் கரையேறினார்கள். ஒருவரும் விசையைத் தொடவில்லை, எழும்பிப் போகவில்லை.

நான் யாரென்று சொன்னதும், சகோதரர்களில் மூத்தவர் என் காதருகே சொன்னார்: "அந்தப் பிழையை நாங்க திருத்தேல்ல மிஸ். எல்லாரும் அந்த ஆளைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம். அப்பிடியே வெளியிடப் போறம்."

ஐந்தாவது ஆள் கரையில் கால் வைத்தார். முன்பின் தெரியாத அந்தப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வாய் பிளந்து நின்றேன். அழுதும் விட்டேன்.

ஊர் திரும்பி இதை அவளிடம் சொல்லத் தொடங்கினேன்; தோணி பாறையில் மோதிய இடம்வரைதான் வந்திருப்பேன். கம்பனி வெளியிடுகிறதா என்று அவள் கேட்கவில்லை.

"அண்ணா வந்திட்டாரா அக்கா?"

"ஓம்," என்றேன். "வந்திட்டார்."