ஒற்றைக் கோடு, இரண்டு கையெழுத்து

தனக்கு எதிரான ஒரு வாக்கியத்துக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறோம் என்று சூசை அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்ததா? இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு வருடம் இருந்தது. சென்ற செவ்வாய்க்கிழமையோடு அந்த அவகாசம் முடிந்துவிட்டது.

அன்று காலை பாளையங்கோட்டையில், எங்கள் கல்லூரித் துறை அலுவலகத்தில் அமர்ந்து, இந்த வருடக் கோடைப் பயிற்சிக்கான அட்டவணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். 'படகு' என்ற கட்டத்தில் வழக்கம்போல அவர் பெயரை இட்டு முடித்தபோது தொலைபேசி வந்தது. அவர் மகள் ரோசி பேசினார்.

"மேடம், அப்பா தவறிட்டாவ. வலைய உதறிக்கிட்டு நின்னாவ, அப்படியே உக்காந்துட்டாவ."

அட்டவணையிலிருந்து அவர் பெயரை எடுக்காமலே கணினியை மூடினேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர், இளங்கலை இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் புன்னைக்காயலில் அவர் படகில் ஏறியவர்கள். தாமிரபரணி கடலில் சேரும் பகுதியில் ஐந்து இடங்கள், ஐந்து வாரங்கள். நீர் எடுத்து உப்பளவு பார்த்தீர்கள், சேறு எடுத்து அதிலுள்ள புழுக்களை எண்ணினீர்கள். கடல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, முதல் நாளே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவர்களும் உண்டு. "கண்ணக் கரையில வைங்க. வயித்த நினைக்காதீங்க, அதுவும் உங்கள மறந்துரும்" என்று அவர் சொல்வது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இறந்தவர்களைப் பற்றிய கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவற்றில் எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்களாகிவிடுகிறார்கள். சூசை அண்ணாச்சிக்குக் கோபம் சட்டென்று வரும். சோற்றுப் பொட்டலத்தின் காகிதத்தை ஆற்றில் போட்ட ஒரு மாணவனை, அதைத் திரும்ப எடுத்தாலொழியப் படகு நகராது என்று சொல்லி அரை மணிநேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார். பீடியை மட்டும் கடைசிவரை எங்கள் மாதிரிப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அமர்ந்துதான் பிடித்தார். நான் எழுத வந்தது அவருடைய குணங்களைப் பற்றி அல்ல.

நம் குறிப்பேட்டின் விதி உங்களுக்குத் தெரியும். எழுதியதை அழிக்கக் கூடாது. பிழை என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாள் முடிவில் பக்கத்தின் அடியில் பொறுப்பாசிரியரும் படகோட்டியும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் நான் இதைச் சொல்லும்போது அவர் இயந்திரத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒரு மாணவி தப்பாக எழுதிய எண்ணின் மேல் வெள்ளை மை பூசினாள். நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

"ஏளா, என்னத்தப் பூசுத? மேடம் என்ன சொன்னாவ? ஒத்தக் கோடு, ஒரு கையெழுத்து. தப்பும் தெரியணும், தப்புப் பண்ணுன ஆளும் தெரியணும்."

படகே சிரித்தது. 'ஒத்தக்கோடு அண்ணாச்சி' என்ற பெயர் அன்று வந்ததுதான்.

ஏழு வருடங்களுக்கு முந்தைய கோடையில் எங்கள் பழைய ஜிபிஎஸ் கருவி பழுதாகிவிட்டது. முதல் இரண்டு வாரமும் அவர் கண்ணை நம்பியே போனோம். மூன்றாம் இடத்துக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. மாதா கோயில் உச்சிச் சிலுவையும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராக வர வேண்டும். மறுபக்கம் அலையாத்தித் திட்டின் முனையும் செல்போன் கோபுரமும் ஒரே நேராக வர வேண்டும். இரண்டும் கூடும் புள்ளியில் நங்கூரம் போடுவார். மூன்றாம் வாரம் புதுக் கருவி வந்தது. ஐந்து இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் முந்தின நாள் மாலை வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து நானே அதில் இட்டேன்.

மறுநாள் காலை படகு ஏறும்போதே அவர் கேட்டார்: "மத்தியானம் ஒரு நிச்சயம் இருக்கு மேடம். பன்னெண்டுக்குள்ள கரைக்கு வந்திரணும்." சரி என்றேன். யாருக்கு நிச்சயம் என்று கேட்கவில்லை.

முதல் இரண்டு இடங்களும் கருவியோடு ஒத்துப்போயின. மூன்றாம் இடம் என்று அவர் நங்கூரம் போட்ட இடம் ஒத்துப்போகவில்லை. ஒரு கூப்பிடு தூரம் தள்ளிக் காட்டியது.

"அண்ணாச்சி, இது இடமில்ல. ரெண்டு வாரமா இங்கதான் நிறுத்துனீங்களா?"

"இதுதான் மேடம் மூணாவது எடம். எப்பவும் இங்கனதான."

"மெஷின் வேற காட்டுதே."

"அது என்னத்தக் கண்டுது மேடம். நாம சொன்னதத்தான அது திருப்பிச் சொல்லும்."

மாணவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. "விசேஷ வீட்டுக்குப் போற அவசரத்துல கிட்டக்கயே நிறுத்திட்டு, பிள்ளைங்க முன்னால கதை சொல்லாதீங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நங்கூரத்தைத் தூக்கி, நான் கை காட்டிய இடத்துக்குப் படகைத் திருப்பினார். அங்கே எடுத்தபோது சேறு வரவில்லை, மணல் வந்தது. "மேடம், மண்ணே வேற மாதிரி இருக்கே" என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். அதையும் அவருக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். எதையும் சந்தேகப்படுங்கள் என்று பாடம் நடத்துகிறவள், தன் விரல் தட்டிய எண்களை மட்டும் சந்தேகப்படவில்லை. மூன்றாம் இடத்து வேலை முழுவதையும் புதிதாகத் தொடங்கினேன். கரை சேர்ந்தபோது மணி மூன்று.

அன்றைய பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: படகோட்டி இடம் மாற்றி நிறுத்தியதால் மூன்றாம் இடத்தின் இரண்டு வார அளவுகள் நீக்கப்படுகின்றன. குறிப்பேட்டை அவரிடம் நீட்டினேன்.

"என்ன எழுதிருக்கு மேடம்?"

"இன்னைக்கு வேலை முடிஞ்சதுன்னு."

தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, 'சூசை' என்று கையெழுத்துப் போட்டார். பிறகு வழக்கம்போல சேறெடுக்கும் கருவியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் வேறு படகு பிடித்தோம். அந்தக் கோடை முடிந்து அறிக்கைக்காகப் பழைய வரைபடத்தை எடுத்தபோதுதான் கண்டேன். மற்ற நான்கு இடங்களையும் சரியாக இட்ட நான், மூன்றாவதில் இரண்டு இலக்கங்களை முன்பின்னாக மாற்றி இட்டிருந்தேன். கருவி நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அறையில் யாரும் இல்லை. கருவியில் எண்ணைத் திருத்தினேன். குறிப்பேட்டில் ஒற்றைக் கோடு போடவில்லை, காரணம் எழுதவில்லை, கையெழுத்தும் இல்லை. வெள்ளை மை பூசிய அந்த மாணவி என்னைவிட நேர்மையானவள். அவள் பூசியதாவது எல்லோர் கண்ணிலும் பட்டது.

அதற்கடுத்த வருடம் அவரை மறுபடி அழைத்தேன். மறுப்புச் சொல்லாமல் வந்தார். முதல் நாள், மூன்றாம் இடத்தில், சிலுவையையும் தொட்டியையும் நேர் பார்த்துப் படகை நிறுத்திவிட்டு என் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

"மெஷினு என்ன சொல்லுது மேடம்?"

"சரின்னு சொல்லுது அண்ணாச்சி."

"நல்லது" என்று நங்கூரத்தை இறக்கினார்.

மறுபடி அழைத்ததே மன்னிப்புக் கேட்டதுபோலத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய மாணவர் கூட்டம் ஒன்றில், அவசரமாக வேலை முடித்த ஒருவரைப் பார்த்து, "என்னலே, சூசை அண்ணாச்சி மாதிரி கிட்டக்கயே நங்கூரம் போட்டுட்டியா?" என்று ஒருவர் கேலி செய்தார். மேசையே சிரித்தது. நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அடக்கத்துக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். ரோசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாவ மேடம். மேடம் கணக்குல பிசகே வராதும்பாவ" என்றார். அவர் அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்து. மற்றது, 'தப்புப் பண்ணுன ஆளும் தெரியணும்' என்ற பேச்சு. அந்த வருடம் படகில் இருந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஆள் நான்தான். அவர் நிறுத்திய இடம் சரியான இடம்.

இதுவரை எழுதியது அடக்கம் முடிந்து திரும்பிய மாலையில். மறுநாள் நடந்ததை மட்டும் சேர்க்கிறேன்.

வியாழக்கிழமை காலை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மறுபடி புன்னைக்காயல் போனேன். ரோசிக்கு முன்னால் அந்த வாக்கியத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதினேன்: 'படகு நின்ற இடம் சரி. கருவியில் எண்ணைத் தவறாக இட்டது நான். தெரிந்த பிறகும் மறைத்தேன்.' கையெழுத்திட்டுத் தேதி போட்டேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் படகோட்டிக்கும் இடம் விட்டு, அதில் அவர் சார்பாகக் கையெழுத்திட முடியுமா என்று கேட்டுப் பேனாவைக் கொடுத்தேன்.

ரோசி இரண்டு முறை வாசித்தார். மேலே இருந்த பழைய தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்க அத்தை மவ நிச்சயத்தன்னைக்கு மேடம். அப்பாதான் தாய்மாமன். மாமன் வராம தட்டு மாத்தக் கூடாதுன்னு ரெண்டு மணி வரை எல்லாரும் காத்துக் கெடந்தாவ. மாப்ள வீட்டுல சத்தம் போட்டு, பொறவு மாமன் இல்லாமலே தட்ட மாத்திட்டாவ. அன்னையிலருந்து அத்தை அப்பாகிட்ட பேசல. நேத்துதான் இந்த வாசப்படி ஏறுனாவ."

ரோசி குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அத்தை உள்ளதான் இருக்காவ. நீங்களே வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், "இன்னொருக்க வாசிங்க" என்றார். வாசித்தேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ரோசி பேனாவை மூடி என்னிடம் திருப்பித் தந்தார். படகோட்டியின் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.