சொல்லாமல் உரைத்த சாதிக்காய்

நேற்றுப் பேத்தி கேக்குக்குச் சாதிக்காய் உரசினாள். மணம் வந்தது. அதோடு அந்தக் காலத்து ஆட்களும் வந்து நின்றார்கள். மாமி, மனைவியின் தாய், வாசல் நிலையைப் பிடித்தபடி. என்ரை அக்கா, இடுப்பில் கை வைத்தபடி. மனைவி பாயில், மடியில் எங்கடை மூத்தவன், நாலு மாதம். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார், வாங்குப் பலகையில். நான் முற்றத்தில்.

மூத்தவன் பகலில் நல்ல பிள்ளை. விளக்கு வைத்தால் அழத் தொடங்குவான், விடிய நிற்பாட்டுவான். பக்கத்து வளவு நாய் முதலில் சேர்ந்து குரைத்தது. பிறகு அதுவும் ஏலாமல் விட்டுவிட்டது.

எனக்கு வேலை துலா மிதிப்பது. நீர் கண்டிருக்கமாட்டீர். கிணற்றுக்கு மேலே நீட்டு மரம். அதில் ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க வேணும். முன்னுக்குப் போனால் தண்ணி அள்ளுகிற பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னுக்கு வந்தால் தண்ணியோடு ஏறும். கீழே கந்தையா அண்ணை அதைப் பிடித்துப் புகையிலைக்கு ஊற்றுவார். மேலே நிற்கிறவன் கண்ணை மூடினால் கிணறு.

ஒருநாள் மூடிவிட்டது. கால் வழுக்கி, மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன்.

"டேய், நித்திரையோ?"

"இல்லை அண்ணை. சும்மா கண்ணை மூடிப் பாத்தனான்."

"இன்னொருக்கால் பாத்தியெண்டால் உன்னைத் தூக்க நாலு பேர் வேணும். முதல்லை பிள்ளையை நித்திரையாக்கு. இல்லாட்டி நான் வேறை ஆளைப் பிடிக்கிறன்."

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. மாமி வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றிப் பூசினா. அக்கா வந்து அதைத் துடைத்துவிட்டு ஓமத்தண்ணி பருக்கினா. வசம்பு சூடு என்றா அக்கா. ஓமம்தான் சூடு என்றா மாமி. செத்தல் மிளகாயால் நாவூறு கழித்து அடுப்பில் போட்டோம். எல்லாரும் இருமினோம். அவன் இருமவில்லை. அழுதான்.

இவை ஆட்கள் பார்க்கச் செய்த மருந்துகள். கைமருந்து வேறு. எங்கடை பக்கத்தில் கைமருந்து கொடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. சொன்னால் பலிக்காது. அதனால் வீட்டில் எல்லாரும் வைத்தியர். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

கந்தையா அண்ணை எனக்கும் ஒன்று சொல்லித் தந்தார்.

"சாதிக்காயை ஒரு உரை உரைச்சுச் சுடுதண்ணியிலை குடு. ஒண்டுதான். ஒருத்தருக்கும் மூச்சு விடாதை."

பின்னேரம் மனைவி கிணற்றடிக்குப் போன நேரம் கல்லை எடுத்தேன். அந்தக் குரலுக்கு ஒரு உரை எந்த மூலைக்கு? நான் தோட்டக்காரன். எரு கூடப் போட்டால் இலை பெரிதாகும். கூட்டியே உரைத்துப் பருக்கினேன்.

அன்றைக்கு எல்லாரும் நித்திரை கொண்டோம். விடிந்தது. அவன் எழும்பவில்லை. வெயில் முற்றத்துக்கு வந்தது. எழும்பவில்லை. கையைத் தூக்கிவிட்டால் ஈரத்துணி மாதிரி விழுந்தது.

"இஞ்சருங்கோ, பாலும் குடிக்கிறானில்லை," என்றாள் மனைவி.

நான் குதித்தேன். "ஆர் என்னத்தைக் குடுத்தது? பிள்ளையைக் கொல்லவோ நிக்கிறியள்?" சத்தம் போடுகிறவனை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. மாமி அக்காவைப் பார்த்தா. அக்கா மாமியைப் பார்த்தா.

பரியாரியார் வந்து நாடி பார்த்தார். பிள்ளையின் வாயை மணந்தார்.

"சாதிக்காய். எத்தினை உரை?"



"சொன்னால் பலிக்காதெல்லோ," என்றா மாமி மெதுவாக.

"இன்னும் பலிக்க வேணுமோ? அளவு தெரியாமல் நான் மாத்து மருந்து குடுக்கேலாது. சரி, ஒவ்வொருத்தராய் என்ரை காதுக்குள்ளை சொல்லுங்கோ."

மாமி போய்க் குனிந்தா. அக்கா குனிந்தா. பிறகு என்ரை மனைவியும் எழும்பிப் போனாள். பரியாரியார் என்னைப் பார்த்தார்.

"தம்பிக்கு ஏதும் தெரியுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையின் உதடு வெளிறிக் கிடந்தது. போய்க் குனிந்தேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாமாய் ஒன்பது உரை," என்றார். ஆருடையது எத்தனை என்று சொல்லவில்லை. நல்ல மனுசன்.

ஏதோ குளிகையைக் கரைத்து நாக்கில் தடவினார். கிடத்தவேண்டாம் என்றார். மாறி மாறித் தூக்கி வைத்திருந்தோம். உள்ளங்காலைச் சுண்டினோம். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தோம். "அழடா ராசா, அழடா," என்று நான் கெஞ்சினேன். ஒரு மாதமாக அவன் வாயை மூடச்சொல்லி முருகனுக்கு நேர்த்தி வைத்தவன் நான். வெயில் சாயிற நேரம் ஒரு கண்ணைத் திறந்தான். எங்களைக் கண்டான். கண்டதும் அழுதான்.

அதோடு மாமியும் அக்காவும் கதைபேச்சை விட்டார்கள். அக்காவுடைய கைதான் மோசம் என்றா மாமி. மாமியுடையதுதான் என்றா அக்கா. மனைவி இரண்டு பேரையும் குறை சொன்னாள். என்ரை பங்குக்கு மட்டும் மூன்று பேரும் ஒற்றுமையாக ஒரு உரை என்று கணக்குப் போட்டார்கள். ஆம்பிளை, பயந்த கையாம். மாமியின் செத்தவீட்டுக்கும் அக்கா வரவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

இப்போது துலா இல்லை. மிசின் இறைக்கிறது. பிள்ளைகளின் மருந்து போத்திலில் வருகிறது. எத்தனை கரண்டி என்று தாளில் ஒட்டி வருகிறது, ஊர் முழுக்க வாசிக்கலாம். பரியாரியார் வளவில் சைக்கிள் கடை. அக்காவும் போய்விட்டா. மனைவி போய் இரண்டு வருசம். என்னைக் கேட்க ஆளில்லை.

அந்த ஒன்பதில் என்னுடையது ஆறு.